எடைமேடை ஏறிய வீடு

பழைய பேருந்தை வீடாக்கிக்கொண்டு, பிள்ளைகளோடு அதிலேயே நிரந்தரமாகக் குடியிருக்கும் குடும்பங்களைப் பற்றிய காணொளிகளை நண்பர்கள் எனக்கு அடிக்கடி அனுப்புகிறார்கள். பணிக்காலம் முழுவதையும் சிங்கப்பூரில் பேருந்துப் பணிமனைகளிலேயே கழித்து ஓய்வு பெற்றவன் என்பதால் இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கும் என்று அவர்கள் நினைக்கிறார்கள், இருக்கத்தான் செய்கிறது. அந்தக் காணொளிகளில் அடுப்படியைக் காட்டுவார்கள், பிள்ளைகளின் அடுக்குக் கட்டிலைக் காட்டுவார்கள், மஞ்சள் விளக்கெரியும் படுக்கையறையைக் காட்டுவார்கள். வண்டியின் அடிப்பக்கத்தைக் காட்டியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. என்னைக் கேட்டால், பேருந்து வீட்டின் நல்லது கெட்டதெல்லாம் தரைப்பலகைக்குக் கீழேதான் முடிவாகிறது.

என் அக்காவின் மகளும் அவள் கணவரும் வேலை நிமித்தம் நியூசிலாந்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள். வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாமல், பழைய சுற்றுலாப் பேருந்து ஒன்றை வாங்கி வீடாக்கப் போவதாக அவர்கள் சொன்னபோது அக்கா என்னிடம்தான் முறையிட்டார். "புளோக்குல நல்லா காத்தோட்டமா வீடு இருக்கு, வந்து இருங்கன்னா கேக்க மாட்டேங்குறா. பஸ்ஸுல போயி குடித்தனம் பண்ணப் போறாளாம். நீ சொன்னா கேப்பா தம்பி" என்றார். அதற்கு முன்பே மகள் என்னை அழைத்து, "மாமா, காசு கொடுக்குறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ வண்டிக்கு அடியில படுத்துப் பாத்துடணும்" என்று கேட்டிருந்தாள். இரண்டு கட்சிக்கும் பொதுவான ஆளாக விமானம் ஏறினேன்.

நியூசிலாந்தில் இது புதுப் பழக்கமன்று. அந்நாட்டு ரயில்வே துறை ஒருகாலத்தில் தன் சாலைப் போக்குவரத்துச் சேவைக்காக பெட்ஃபோர்டு எஸ்பி ரகப் பேருந்துகளை ஆயிரத்துக்கும் மேல் வைத்திருந்தது. பணியிலிருந்து விலக்கப்பட்ட பிறகு அவற்றில் பல அடுப்பும் கட்டிலும் பொருத்தப்பட்டு வீடுகளாகிவிட்டன. ஹவுஸ் பஸ் ஒன்று தெருவில் போனால் அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் உள்ளே குடும்பமே வசித்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது கனரக வாகனம்தான். மொத்த எடை அனுமதி 3,500 கிலோவைத் தாண்டிய வண்டி குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை தகுதிச் சான்றிதழுக்காகச் சோதனைக்குப் போக வேண்டும். 6,000 கிலோவைத் தாண்டினால் கார் ஓட்டும் உரிமம் போதாது, அடுத்த வகுப்பு உரிமம் எடுக்க வேண்டும். டீசல் வண்டியாக இருந்தால், ஓடப்போகும் ஒவ்வோர் 1,000 கிலோமீட்டருக்கும் சாலைப் பயன்பாட்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டி வைக்க வேண்டும். ஆகவே, தச்சு வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், பிரேக்கும் ஸ்டியரிங்கும் அடிச்சட்டமும் சோதனையில் தேறாவிட்டால் அந்த வீடு நின்ற இடத்திலேயே நிற்கும்.

எந்தப் பேருந்தை வாங்குவது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. நம்மூரில் பொதுப் பேருந்துகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அவற்றில் ஒன்றைத்தான் மனம் நாடும். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், சன்னல்கள் பெரியவை, மூன்று கதவு வைத்தவைகூட உண்டு. குடியிருப்பதற்கு அவை சரிப்படாது என்பது என் முடிவு. சக்கர நாற்காலி ஏறுவதற்காகத் தரையைத் தாழ்த்திக் கட்டிய வண்டிகள் என்பதால், சக்கரங்களை மூடும் பெட்டிகள் பயணியர் பகுதிக்குள் முட்டிக்கொண்டு நிற்கும். பின்புறத்தில் இயந்திரம் இருப்பதால் தரை அங்கே படியேறும். கட்டிலையோ அலமாரியையோ சமமாக நிறுத்த ஒரு நீளமான தரை கிடைக்காது. தண்ணீர்த் தொட்டியையும் மின்கலத்தையும் வைக்கத் தரைக்கு அடியில் இடமே இராது. கதவு கூடினால் மழைநீர் புகும் வழியும் கூடும். மாறாக, தொலைதூரப் பயணத்துக்கான சுற்றுலாப் பேருந்தின் தரை உயரமாகவும் முன்னிருந்து பின்வரை ஒரே மட்டமாகவும் இருக்கும்; அதன் அடியில் பயணிகளின் பெட்டிகளுக்காக விட்ட அறைகள் வீட்டுக்குத் தேவையான அசிங்கமான சாமான்களையெல்லாம் விழுங்கிக்கொள்ளும். அதற்கு விலையாக நீங்கள் கொடுப்பது உள்ளுயரம். ஆறடி ஆள் நிமிர்ந்து நிற்கும் வண்டியில் தரைக்கும் கூரைக்கும் வெப்பத்தடுப்புப் பலகை அடித்த பிறகு அவர் தலை இடிக்கும். மகளின் கணவர் நல்ல உயரம். அளவு நாடாவை அவர் தலைக்கு மேல் பிடித்துப் பார்த்துத்தான் வண்டியையே தேர்ந்தெடுத்தோம்.

வாங்கிய வண்டியில் முதல் வேலை, இருக்கைகளைக் கழற்றுவது. போல்ட்டுகள் துருவேறித் தரையோடு ஒன்றாகியிருந்ததால் பலவற்றை அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. நடைபாதையின் வினைல் விரிப்பை உரித்து, அதன் கீழிருந்த ஒட்டுப்பலகையை நெம்பியபோது, சில்லறைக் காசுகளும் தலைக் கிளிப்புகளும் பென்சில் துண்டுகளும் மண்ணோடு கட்டியாகிக் கிடந்தன. பிள்ளைகள் அவற்றைக் கழுவி ஒரு பால்மாவு டின்னில் சேர்த்தார்கள். எனக்கு வேண்டியது அதற்கும் கீழே இருந்தது. எஃகுச் சட்டத்தைச் சிறு சுத்தியால் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற இடம் மந்தமாகப் பேசும். அங்கே ஸ்குரூடிரைவர் முனையை அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும். இரண்டு சன்னல்களுக்கு நேர் கீழே அப்படி இறங்கியது. காரணம் தரையில் இல்லை, மேலே சன்னலின் ரப்பர் விளிம்பில் இருந்தது. ஆண்டுக்கணக்காகக் கசிந்த மழைநீர் சுவருக்குள் இறங்கிச் சட்டத்தில் தேங்கியிருக்கிறது.

கசிவைக் கண்டுபிடிக்கும் முறையைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். கூரைமேல் குழாயைத் திறந்துவிட்டால் எல்லா இடத்திலும் நீர் வழிந்து, எங்கே நுழைகிறது என்பதே தெரியாமல் போகும். ஒருவர் உள்ளே டார்ச் விளக்கோடு உட்கார, மற்றவர் வெளியே கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்த்திக்கொண்டே தண்ணீர் பீய்ச்ச வேண்டும். உள்ளே முதல் துளி தெரியும் கணத்தில் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறதோ அங்கேதான் ஓட்டை. கசிவை அடைத்து, அரித்த சட்டத்தை அறுத்தெடுத்துப் புதுச் சட்டம் பற்றவைத்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து முடிக்கும்வரை உள்ளே ஒரு பலகைகூட வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். இந்தக் கட்டத்தில் மகளுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம். அலமாரிக்கு வண்ணம்கூடத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள்.

இனி எடை. பேருந்தை வீடாக்குவோர் பெரும்பாலும் மறந்துபோவது இதைத்தான். ஒவ்வொரு வண்டிக்கும் சட்டப்படி ஒரு மொத்த எடை வரம்பு உண்டு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனி வரம்புகளும் உண்டு. 40 பேர் ஏறும் பேருந்தில் ஆளுக்கு 70 கிலோ என்று வைத்தால் 2,800 கிலோ, அவர்களின் பெட்டிகள் வேறு. இருக்கைகளைக் கழற்றியதில் மிஞ்சிய எடையையும் சேர்த்தால் தாராளமாகத் தெரியும். ஆனால் பயணிகள் இறங்கிப் போய்விடுவார்கள், வீடு இறங்காது. முழுச்சுமையோடு ஒரு மணி நேரம் ஓடுவதும், அதே சுமையோடு ஆண்டு முழுதும் நிற்பதும் ஓடுவதும் ஸ்பிரிங்குக்கும் டயருக்கும் ஒன்றல்ல. 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை எட்டடிக்கு நாலடி ஒன்றே ஏறத்தாழ 30 கிலோ வரும். நல்ல தண்ணீர் 300 லிட்டர் என்றால் 300 கிலோ. கிரானைட் மேடை வேண்டும் என்பார்கள், மரத்தால் எரியும் கணப்பு வேண்டும் என்பார்கள், தரைக்கு ஓடு வேண்டும் என்பார்கள்.

எவ்வளவு என்பதைப் போலவே எங்கே என்பதும் முக்கியம். பின்புற இயந்திரம் கொண்ட பேருந்தில் பின் அச்சு ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கிறது. அதற்கும் பின்னால் தண்ணீர்த் தொட்டியை வைத்தால், நெம்புகோலைப் போல முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டியரிங்கின் பிடிப்பைக் குறைத்துவிடும். எனவே தொட்டிகளை இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, பெட்டியறைகளில் வைத்தோம். அடுப்படி, குளிர்சாதனப் பெட்டி, மின்கலம் ஆகிய மூன்றும் ஒரே பக்கத்தில் சேர்ந்தால் வண்டி சாயும். அதனால் மின்கலத்தை எதிர்ப்பக்கம் மாற்றினோம். காலியான வண்டியை முதலில் எடைமேடையில் ஏற்றி, முன் அச்சு தனியே, பின் அச்சு தனியே எடைபோட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு உள்ளே போகும் ஒவ்வொரு பொருளையும் நிறுத்து ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். குளியலறைத் தராசில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து இரண்டு பேர் பிடித்துக்கொண்டு எடை பார்ப்பது வேடிக்கையாகத்தான் இருந்தது. அந்த நோட்டு இல்லாமல் நான் எந்தப் பேருந்து வீட்டையும் நம்பமாட்டேன்.

ஈரத்தைப் பற்றி வெப்பநாட்டுக்காரர்களாகிய நமக்குப் பெரிதாகத் தோன்றாது. நியூசிலாந்தின் தென்தீவில் குளிர்காலத்தில் ஒரு காலை எழுந்து பார்த்தால் தெரியும். தூங்கும் நான்கு பேர் ஓர் இரவில் மூச்சிலும் வியர்வையிலும் ஒரு லிட்டர் தண்ணீரைக் காற்றில் விடுகிறார்கள். அது குளிர்ந்த கண்ணாடியிலும், வெப்பத்தடுப்புக்கு இடையில் வெளியே தெரியும் எஃகு விலாக்களிலும் நீர்முத்துகளாகக் கோத்துக்கொண்டு, மெத்தையின் அடியில் பூஞ்சணமாகிறது. எரிவாயு அடுப்பில் சமைத்தால் எரிவதே இன்னும் ஈரத்தை உண்டாக்கும். விலாக்களின் மேலேயும் வெப்பத்தடுப்பை இடைவெளியின்றிப் போடுவது, சன்னல்களில் பாதியைத் தகடு வைத்து மூடுவது, கூரையில் ஒரு விசிறியை இரவிலும் மெதுவாக ஓடவிடுவது ஆகியவையே வழி. குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் இறுக்கி மூடுபவர்கள் ஈரத்தை மட்டுமின்றி கார்பன் மோனாக்சைடையும் உள்ளே அடைத்துக்கொள்கிறார்கள். அதற்கான எச்சரிக்கைக் கருவி இல்லாத பேருந்தில் நான் படுக்கமாட்டேன். எரிவாயு உருளை இருக்கும் பெட்டி வீட்டுக்குள் திறக்காதபடி இருக்க வேண்டும், அதன் அடித்தட்டில் ஓட்டையும் இருக்க வேண்டும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும்.

கழிவறை விஷயம் சுருக்கமானது. நியூசிலாந்தில் 2023-இல் வந்த சட்டப்படி, பொது இடங்களில் நிறுத்தி இரவு தங்க உதவும் தன்னிறைவு வாகனம் என்ற சான்றிதழ் வேண்டுமானால் கழிவறை வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். தூக்கிச் செல்லும் வகை செல்லாது. மூன்று நாளைக்கு வேண்டிய தண்ணீரையும், அந்த மூன்று நாளின் கழிவையும் வண்டியே தாங்க வேண்டும். வசதியை முன்னிட்டு இல்லாவிட்டாலும் சட்டத்தை முன்னிட்டாவது இதைச் செய்தாக வேண்டும்.

மின்சாரத்தில் நம்மூர்க்காரர்கள் உடனே கேட்பது குளிர்சாதனத்தைப் பற்றி. பேருந்தின் குளிர்சாதனக் கருவியை இயக்குவது வண்டியின் இயந்திரம். இயந்திரத்தை நிறுத்தினால் குளிரும் நின்றுவிடும். வீட்டுக்கென்று தனிக் கருவி வைத்து, சராசரியாக 700 வாட் என்று எட்டு மணி நேரம் ஓட்டினால் 5.6 யூனிட் வேண்டும். 12.8 வோல்ட்டில் 400 ஆம்பியர்-மணி கொள்ளும் லித்தியம் மின்கலத் தொகுதி முழுவதும் சேர்ந்தே 5.12 யூனிட்தான் தரும். அதாவது ஒரு குளிர்சாதனம் மட்டுமே ஓர் இரவில் மின்கலத்தைத் துடைத்துவிடும். விடிந்ததும் சோறு வைக்க ரைஸ்குக்கர் வேலை செய்யாது. சன்னல் திறக்காத கண்ணாடிப் பேருந்தை நம் வெயிலில் நிறுத்தி வைத்தவர்களுக்கு, குளிர்சாதனம் இல்லாமல் அதில் ஒரு பகல் கழிப்பது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நிற்கும் வண்டியில் இயந்திரத்தை ஓடவிட்டுக் குளிர்காய்வது, இல்லை, குளிர் வாங்குவது இங்கே குற்றமும்கூட.

சிங்கப்பூரிலேயே இப்படி வாழ முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். முடியாது என்பதுதான் நேர்மையான பதில், அதற்கு வெயில் காரணமில்லை. இங்கே வண்டியை வைத்திருக்கும் உரிமையே காலவரையறை கொண்டது. வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுகளுக்கு. அதற்கு மேல் வாகனத்தின் சட்டபூர்வ ஆயுள் என்ற கெடு வேறு உண்டு. பொதுப் பேருந்துகளுக்கு அது நெடுங்காலம் 17 ஆண்டுகளாக இருந்தது. பதிவு நீக்கப்பட்ட வண்டியை உடைக்க வேண்டும் அல்லது ஏற்றுமதி செய்ய வேண்டும். வீட்டுக்குக் கீழே நிறுத்தி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆணி அடிக்க முடியாது. ஓடும் நிலையில் இருந்தாலும், கனரக வண்டிக்கு நிறுத்துமிடம் உறுதி என்ற சான்றிதழ் இல்லாமல் சாலை வரி புதுப்பிக்கப்படாது. அந்த நிறுத்துமிடம் குடியிருப்பதற்கான இடமுமன்று. உள்ளமைப்பை மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். இவை எல்லாவற்றையும் தாண்டினாலும் அடையாள அட்டையில் எழுத ஒரு முகவரி வேண்டும். வீடு மாறினால் 28 நாள்களுக்குள் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டிய ஊர் இது. தினமும் இடம் மாறும் வீட்டுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

பேருந்தில் தூங்கிப் பார்க்கும் ஆசை மட்டும் இருந்தால் சாங்கி வில்லேஜுக்குப் போகலாம். ஓய்வு பெற்ற 20 பொதுப் பேருந்துகளை அறைகளாக மாற்றிய உல்லாச விடுதி ஒன்று 2023 டிசம்பரில் அங்கே திறக்கப்பட்டது. அவை ஓடுவதில்லை, குடும்பமாகக் குடியேறவும் முடியாது, ஆனால் 12 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் எவ்வளவு இடம் என்பது உடம்புக்குப் புரியும். வெளியளவை வைத்துக் கணக்கிட்டாலே 30 சதுர மீட்டர். சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டும் ஈரறை ஃபிளெக்சி வீட்டின் சிறிய வகைகூட ஏறத்தாழ 36 சதுர மீட்டர் உண்டு. ஓட்டுநர் இருக்கையையும் சுவரின் கனத்தையும் கழித்துவிட்டு, மிஞ்சியதில் நான்கு பேரை வைத்து யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், மகளின் குடும்பம் செய்தது தவறு என்று நான் நினைக்கவில்லை. பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்க அந்நாட்டுக் கல்வியமைச்சிடம் முறைப்படி விலக்குப் பெற்றிருக்கிறார்கள். பயணத்தின்போது அவர்கள் உட்கார, சட்டத்தோடு பிணைத்த இருக்கைகளும் வார்களும் இருக்கின்றன. பக்கவாட்டுப் பலகையில் திருகிய இருக்கை விபத்தில் பலகையோடு பறக்கும் என்பதால் அதற்கு மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. அடுப்படியில் எல்லா இழுப்பறைக்கும் கொக்கி உண்டு. வார்ப்பிரும்பு தோசைக்கல்லுக்கென்று தனிப் பள்ளம் வெட்டி வார் போட்டோம், ஏனென்றால் பிரேக் அடித்தால் அது ஓட்டுநரின் பின்தலையைத்தான் தேடிப் போகும். தாளிப்பு வாசனை வெப்பத்தடுப்புப் பஞ்சுக்குள் ஏறாதபடி, புகையை வெளியே தள்ளும் விசிறி அடுப்புக்கு நேர் மேலே இருக்கிறது. சாமி மாடத்தில் வண்டி நிற்கும்போது எண்ணெய் விளக்கு, ஓடும்போது பொத்தானைத் தட்டினால் எரியும் சிறு மின்விளக்கு.

அக்காவும் இப்போது இறங்கி வந்துவிட்டார். பேத்திகளுக்கு வாரம் தவறாமல் இட்லி கிடைக்க வேண்டும் என்று, தேக்காவில் மேசைமேல் வைக்கும் மாவரைக்கும் கிரைண்டர் ஒன்றை வாங்கி அனுப்பப் போவதாகச் சொன்னார். மகள் கேட்ட முதல் கேள்வி, அது எத்தனை கிலோ என்பது. 11 கிலோவுக்கு மேல் என்றதும் நோட்டைப் புரட்டிவிட்டு என்னை அழைத்தாள். வாங்கிக்கொள், ஆனால் பின் அச்சுக்குப் பின்னால் வைக்காதே, முன்புறத்தில் சோபாவுக்கு அடியில் வை என்றேன்.